வாத்தியம் நின்ற இடம்

கண்மணி கூப்பிட்டபோது புனிதன் சுங்கை புரோங் மதகடியில் இருந்தார். வயலுக்குத் தண்ணீர் விடும் பருவம். காலை ஏழு மணிக்கே வந்து இரண்டு கதவுகளைத் தூக்கிவிட்டு, மூன்றாவதைத் தூக்க எட்டு மணி ஆகட்டும் என்று காத்திருந்த நேரத்தில் டிரம்பெட்டை எடுத்து உதட்டைப் பழக்கிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் பெயர் இல்லாத எண் ஒன்று அடித்தது.

"புனிதா, கண்மணி பேசுறேன். ஒம்பதாங்கட்டை கண்மணி."

இருபத்தாறு வருடமாக அவரோடு ஒரு வார்த்தை பேசாதவர். புனிதன் மதகுச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்கக்கா."

"அவரு போயிட்டாரு. நேத்து சாயங்காலம். இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம். நீ வந்து ஊதணும்."

"நானாக்கா?"

"வேற எந்தப் புனிதன் ஊதுறான்? வர்றியா இல்லையா, சொல்லுலா."

வருகிறேன் என்று சொன்னார். அந்தப் பக்கம் உடனே வைத்துவிட்டார்கள். அன்றைக்கு மூன்றாவது கதவு பத்து நிமிடம் பிந்தித்தான் திறந்தது.

புனிதனை உலகத்தில் இரண்டு கூட்டத்தாருக்குத் தெரியும். சுங்கை புரோங் விவசாயிகளுக்கு அவர் தண்ணீர் திறக்கிற ஆள். சும்மா இருக்கும்போது ஏதோ குழலை வைத்துப் பாம்பை விரட்டுகிறவர். பெர்லினிலும் ஒசாகாவிலும் இருக்கிற முந்நூறு நானூறு பேருக்கு அவர் ஜாஸ் டிரம்பெட் கலைஞர், இசையமைப்பாளர். வருடத்துக்கு ஒரு தடவை விடுப்புப் போட்டுவிட்டு அங்கே போவார், வாசிப்பார், குளிரைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்து மறுநாள் கதவைத் தூக்குவார். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பாம்புக் கட்சி விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அது ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து மக்கள். அவர்கள் அவரை எப்படி வைத்திருந்தார்கள் என்று சொல்ல, அவர் ஊதக் கற்றுக்கொண்ட கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா சன்னாசி அந்தத் தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கோல சிலாங்கூர் இடைநிலைப்பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் புனிதனுக்கு டிரம்பெட் கிடைத்தது அவர் கேட்டு வாங்கியதனால் அல்ல. நல்லதையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், வாய் நசுங்கின டிரம்பெட் ஒன்று மிஞ்சிவிட்டது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் வைத்து ஊதினால் ஆலையில் இராவேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவர்கள் செருப்பை விட்டெறிந்தார்கள். அதனால் செம்பனைக் காட்டுக்குள் போய் ஊதினார். அங்கே எதிரொலி கிடையாது, ஊதினது ஊதினபடி போய்விடும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

பதினேழு வயதில் சுங்கை பெசார் செல்வாவின் சாவு பேண்டில் சேர்ந்தார். செல்வாவின் சட்டம் எளிது. தூக்கும்போது ஒரு பாட்டு, வழியெல்லாம் செத்தவருக்குப் பிடித்த பாட்டு, சுடுகாட்டு வாசலில் ஒரு பாட்டு. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வாத்தியம் நிற்க வேண்டும். பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பித் தூக்குகிற இடம் அது. வாத்தியம் நின்றால் பாடை இறங்கும், வாத்தியம் எழுந்தால் பாடை எழும். ஒன்பதாங்கட்டையில் அந்த இடம் முச்சந்தி இலவ மரத்தடி. வீட்டு வாசலுக்கு முன்னால் மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. எந்த வீட்டின் முன்னால் பாடை இறங்குகிறதோ, அந்த வீட்டிலிருந்து வருடம் திரும்புவதற்குள் இன்னொன்று கிளம்பும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

இருபத்தெட்டு வயதில் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் வாசிக்க வேலை கிடைத்தது. வாரநாளில் அங்கே சாப்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஊதுவார், வாரக் கடைசியில் தோட்டத்துக்கு வந்து செல்வாவுடன் ஊதுவார். ஹோட்டலில் பியானோ வாசித்த பிலிப்பினோக்காரர் ஒருநாள் ஒரு கேசட்டைக் கொடுத்தார். பாட்டை நடுவில் உடைத்து, தாளத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கருவியில் என்னென்ன சத்தம் வருமோ அத்தனையும் இசைதான் என்று வாசிக்கிற ஒரு வகை ஜாஸ் அதில் இருந்தது. புனிதன் கேசட்டு சிக்கிக்கொண்டதென்று நினைத்து வெளியே எடுத்துப் பென்சிலால் சுற்றினார். மறுபடி போட்டார். அப்படியேதான் இருந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது, நடுவில் எல்லாரும் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிற ஓர் இடத்தில் அவருக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. செம்பனைக் காட்டுக்குள் தான் ஊதி முடித்த பிறகு வரும் அமைதியை யாரோ காசு கொடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் வள்ளியம்மா செத்துப்போனார். ஆயாக்கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்டவர். பாடை தூக்கிய நால்வரையும் இடுப்பில் வைத்துச் சோறூட்டியவர். வள்ளியம்மாவுக்குப் பிடித்தது ஒரு பழைய தாலாட்டுப் பாட்டு. புனிதன் பேண்டுக்கு முன்னால் அதை ஊதிக்கொண்டு நடந்தார். கீழ் லயத்துக்கு வந்ததும், இரண்டாம் அடியின் முடிவில், அந்தக் கேசட்டு நினைவு வந்தது. ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்திப் பார்ப்போமே என்று நிறுத்தினார். அவர் நின்றதும் மேளக்காரர்களும் நின்றார்கள். அமைதி நன்றாக இருந்தது. அதனால் இன்னொரு மூச்சு நீட்டினார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வாத்தியம் நின்னுருச்சு, எறக்குங்கடா."

மரம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. புனிதன் திரும்பிப் பார்த்தார். வள்ளியம்மா தெருவில் இறங்கியிருந்தார். அது ஆறாவது வீட்டு வாசல். கண்மணியும் அவர் கணவர் நடராஜாவும் குடியிருந்த வீடு. கண்மணி பிறந்து இரண்டு மாதமான பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். முன்னால் இடப்பக்கம் பாடை பிடித்திருந்ததும், அந்தக் குரல் கொடுத்ததும் நடராஜாதான்.

ஏழு மாதம் கழித்து, காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள், அந்தக் குழந்தை இறந்தது.

யாரும் புனிதனை அடிக்கவில்லை. செல்வா மட்டும், "நிறுத்துற எடம் தெரியாதவன்லாம் எனக்கு வேணாம்" என்று சொல்லி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு ஒன்பதாங்கட்டையில் கல்யாணமோ சாவோ எதற்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. அப்பா சன்னாசி செத்தபோதுகூட வேறு ஒருவன்தான் ஊதினான். புனிதன் கொள்ளிச்சட்டி பிடித்து நடந்தார். ஹோட்டலை விட்டார். கலும்பாங்கிலிருந்து உஷாராணியைக் கட்டிக்கொண்டு, மதகு வேலையில் சேர்ந்து, சுங்கை புரோங் பக்கம் குடிவந்துவிட்டார்.

ஊதுவதை மட்டும் விட முடியவில்லை. மதகடியில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஒன்றையே திருப்பித் திருப்பி ஊதி, கடைசியில் அது பத்தொன்பது நிமிட உருப்படி ஆயிற்று. முதலில் சுரமே இல்லாமல் குழலுக்குள் வெறும் காற்று போகும். அப்புறம் தாலாட்டின் துண்டுகள், மைலோ டின்னின் மூடியைக் குழல் வாயில் அடைத்து. அப்புறம் ஒரு நிமிடம் பத்து வினாடி எல்லாரும் கருவியைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார்கள். ஒரு பாடையை இறக்கி, திருப்பி, தூக்க அவ்வளவு நேரம்தான் ஆகும். அதற்கு 'ஆறாவது வீடு' என்று பெயர் வைத்தார். வெளிநாட்டு விழாக்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தது அந்த உருப்படிக்காகத்தான். அந்த மௌனத்தில் ஓர் அதிகாரம் இருக்கிறது, கேட்கிறவன் கையைக் காலை அசைக்க முடிவதில்லை என்று ஒரு ஜெர்மன் விமர்சகர் எழுதினார். புனிதன் அதைப் படித்துச் சந்தோஷப்படவில்லை, ஆனால் நம்பினார். நான்கு ஆண்பிள்ளைகள் தோளிலிருந்து ஒரு பிணத்தையே இறக்கவைத்த மௌனம் அல்லவா. அதைச் செய்ததற்காக வெட்கப்பட்டார். அதைச் செய்ய முடிந்தது என்பதை மட்டும் அவர் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதன் மேல்தான் அவருடைய சங்கீதம் முழுக்க உட்கார்ந்திருந்தது.

அந்த உருப்படியை அவர் சிலாங்கூரில் எங்கும் வாசித்ததில்லை.

பகல் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். உஷாராணி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"திட்டுறதுக்குக் கூப்பிட்டிருப்பாங்களோ?"

"திட்டட்டும். திட்டுறதுக்குக்கூட இத்தன வருசம் யாரும் கூப்பிடலியே."

"போயிட்டு வாங்க. போற எடத்துல உங்க மேதாவித்தனத்தக் காட்டாம ஒழுங்காப் பாட்ட ஊதுங்க." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "உங்க சங்கீதத்துல எனக்குப் பிடிச்சதே நீங்க நிறுத்துற எடந்தான். ஆனா இன்னிக்கு வேணாம்."

ஒன்பதாங்கட்டையில் பழைய லயங்கள் இல்லை. இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். தோட்டத்து ஓரம் தாமான் என்று புது வீட்டு வரிசை ஒன்று கட்டி எல்லாரையும் அங்கே குடியேற்றியாயிற்று. சுடுகாட்டுக்குப் போகிற பாதை மட்டும் மாறவில்லை. வாசலில் கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்வா, எழுபது வயதாகியும் தொப்பி வைத்துக்கொண்டு, மேளக்காரர்களோடு நின்றார். புனிதனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. பையைக் கையில் பிடித்தபடி எங்கே நிற்பதென்று தெரியாமல் புனிதன் நின்றார். ஐம்பத்தேழு வயதில் அது சங்கடமான காரியம்.

கண்மணியே எழுந்து வந்தார். அழுது முடித்த முகம்.

"பசியாறிட்டியா?"

"ஆச்சுக்கா."

"உள்ள வா. பேசணும்."

அடுப்படியில் யாரும் இல்லை. கண்மணி கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டார்.

"ஆறாவது வீடுன்னு ஒரு பாட்டுப் போட்டிருக்கியாம். திவாகரன் போன்ல போட்டுக் காட்டுனான்." திவாகரன் அவருடைய மகன், அந்தக் குழந்தைக்குப் பிறகு பிறந்தவன்.

"உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். தப்புத்தான்க்கா."

"கேட்டிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன். சரி அத விடு. பாதிக்குமேல அதுல ஒண்ணுமே இல்ல, வெறுங்காத்து. அவரு மட்டும் ஒக்காந்து முழுசும் கேட்டாரு. கேட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"வள்ளியம்மாவ எடுத்ததுக்கு மொத நாள், செம்பனக் கொல ஏத்துறப்ப ஒண்ணு அவரு தோள்ல விழுந்திருக்கு. எலும்பு வெடிச்சிருக்குப் போல. சொன்னா பாடையத் தூக்க விடமாட்டாங்கன்னு வாயே தெறக்கல. வளத்தவங்களாச்சே. கீழ் லயத்துக்கு வர்றதுக்குள்ள கை மரத்துப்போச்சு, இன்னும் நாலெட்டு வெச்சா வள்ளியம்மா கீழ விழுந்துருவாங்க. அந்த நேரம் பாத்து நீ நிறுத்துன. வாத்தியம் நின்னுருச்சு எறக்குங்கடான்னு கத்துனாரு. கத்துன பொறகுதான் எந்த வாசல்னு பாத்திருக்காரு."

புனிதன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணு போனப்ப, நீதான் காரணம்னு நான் மண்ண வாரித் தூத்துனேன். பக்கத்துலயே நின்னாரு மனுசன். வாயத் தெறக்கல. இருபத்தஞ்சு வருசம் தெறக்கல." கண்மணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தார். "நீ நிறுத்தலன்னாலும் எறக்கியிருப்பாராம். நெசமாவா சொன்னாரு, இல்ல உம்மேல பாவப்பட்டுச் சொன்னாரா, எனக்குத் தெரியல. அவரு மேல கோவப்படணுமா வேணாமான்னே தெரியாம எப்படி அனுப்பி வைக்கிறது? இன்னிக்கு வேன் வேணாம்னுட்டேன், தோள்லதான் தூக்குறாங்க. பழைய கொழாயடி சிமெண்டு அப்படியே இருக்கு, நம்ம வாசல் இருந்த எடம். அங்க வந்ததும் நிறுத்து. எறக்குறாங்களான்னு பாக்கணும்."

"எறக்கிட்டாங்கன்னா?"

"எறக்கட்டும். அங்க இப்ப யாரு வீடு இருக்கு?"

புனிதன் வெளியே வந்து டிரம்பெட்டைத் துடைத்தார். தான் காரணமில்லை என்று கேட்டதும் நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பயம்தான் வந்தது. பாடை இறங்கினால் அந்தக் குழந்தையின் பழி மறுபடி தன் தலையில் வந்து உட்காரும். இறங்காவிட்டால், பெர்லினில் கையைக் கட்டிப்போட்டதாகச் சொன்னார்களே, அந்த அதிகாரம் எல்லாம் ஒரு மனிதனின் உடைந்த தோள்தான். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் அவரால் அந்த நிமிடத்தில் பதில் சொல்லியிருக்க முடியாது. அப்படிச் சொல்ல முடியாமல் இருப்பதை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்றேகாலுக்குத் தூக்கினார்கள். முன்னால் இடப்பக்கம் திவாகரன் தோள் கொடுத்தான், அப்பா நின்ற அதே மூலை. நடராஜாவுக்குப் பிடித்தது ஒரு படகோட்டிப் பாட்டு. புனிதன் அதை ஒரு சுரம் பிசகாமல் ஊதிக்கொண்டு பேண்டுக்கு முன்னால் நடந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு பாட்டை முழுசாக ஊதுவது அதுதான் முதல் தடவை, அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் மறந்தே போயிருந்தார். செல்வாகூட ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் வரலாம், அந்த முனையில்தான் பழைய குழாயடி இருந்தது. கண்மணி முன்னதாகவே போய் அந்த சிமெண்டு மேடைப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மேடை வந்தது. புனிதன் இரண்டாம் அடியை முடித்து, டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்து, நின்றார். பழக்கத்தில் மேளங்களும் நின்றன. செல்வாவின் முகம் கறுத்துப்போனது, ஆனால் சாவில் கத்த முடியுமா. புனிதன் இந்தத் தடவை முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. திரும்பி, பாடையைப் பார்த்தார்.

அது வந்துகொண்டிருந்தது. சரளைக்கல்லில் செருப்புகள் தேயும் சத்தம் மட்டும் கேட்டது. திவாகரன் மேளக்காரர்களை ஒருமுறை பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டான். மற்ற மூவரும் அவன் நடைக்கு நடந்தார்கள். எவனும் இறக்கு என்று சொல்லவில்லை. பேண்டு இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. மாலைகளின் வாடை புனிதனின் முகத்தில் பட்டு, நடராஜா அவரைத் தாண்டிப் போனார். ஆண்கள் கூட்டமும் தாண்டிப் போயிற்று, செல்வாவும் மேளக்காரர்களும் அதன் பின்னால் ஓடினார்கள். மேடையடியில் பெண்களும் புனிதனும் மட்டும் நின்றார்கள்.

புனிதன் அழுதார். ஊதுகுழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தை மூடாமல், நன்றாகவே அழுதார்.

"யாரும் நிக்கல, பாத்தியா" என்றார் கண்மணி. அவர் கண் பாடையை விட்டு நகரவில்லை. "நெசத்தத்தான் சொல்லியிருக்காரு. பாவி மனுசன்." பிறகு, "உன்ன ரொம்பப் பேசிட்டேன் புனிதா" என்றார்.

"அதெல்லாம் இப்பப் பேசாதீங்கக்கா."

"சரி போ. சத்தமில்லாமப் போறாரு பாரு. அவரத் தனியா விட்டுடாத."

புனிதன் ஓடினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு, ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழ, பாடையைத் தாண்டி முன்னால் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இழுத்தது. உதட்டில் வைத்து ஊதினார், காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், சுரம் கிழிந்தது.

"அங்கிள்." பாடைக்கடியிலிருந்து திவாகரன் கூப்பிட்டான். வியர்வை அவன் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. "மூச்சு வாங்கிக்கிட்டு ஊதுங்க. நாங்க மெல்ல நடக்குறோம்."

நான்கு பேரும் நடையைக் குறைத்தார்கள். புனிதன் ஒரு மூச்சு இழுத்து, இன்னொரு மூச்சு இழுத்து, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்.